எதை முதலில் விடுவது?

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருக் கறிக்கடையில் வெட்டுக்கட்டை காய்ந்து கிடக்கும். மீனில்லாமல் சோறு இறங்காது என்பவர்கள்கூட அந்த ஒரு மாதம் வாழைப்பூ, சேனை, கருணை என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். யாரும் இளைத்துப் போவதில்லை. அசைவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்வதா, பால் முட்டை உட்பட ஒரேயடியாக விடச் சொல்வதா என்ற பேச்சு வந்தால், குறைக்கச் சொல்வோம் என்றுதான் நான் சொல்வேன். பழக்கம் ஏற்கெனவே நம் அடுக்களையில் இருக்கிறது.

ஆனால் எதைக் குறைப்பது என்று சொல்லாமல் விட்டால் பலன் தலைகீழாகிவிடும். கொழுப்புக்குப் பயந்து ஆட்டுக்கறியை விட்டவர்கள் பிராய்லருக்குத்தான் மாறுகிறார்கள். ஒரு வெள்ளாட்டின் கறிக்கு ஏழெட்டுக் கோழியாவது வேண்டும். நாற்பது நாள் வயதில், குஞ்சுக் குரல்கூட மாறாத நிலையில், காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு பைக்கில் கொண்டுபோகிறார்களே, அந்தக் கோழிகள். சாப்பிடுகிறவர் குறைத்துக்கொண்டதாக நினைக்கிறார். சாகிற உயிர்களோ கூடிவிட்டன. முட்டைக் கோழிக்குக் கூண்டுக்குள் சிறகை முழுதாக விரிக்கவும் இடமில்லை. அதனால் முதலில் போக வேண்டியவை கோழியும் முட்டையும்தான்.

பால்தான் கஷ்டம். தயிர்சாதம் இல்லாமல் இலையை மடிக்காத வீடுகள் நம்முடையவை. கன்று செத்துப்போனால், அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அதை ஒருமுறை பார்த்தவருக்கு, பாலில் ஒரு பாவமும் இல்லை என்று சொல்ல நா எழாது. காந்தி 1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டவர். பிற்பாடு கடும் நோயில் கிடந்தபோது, கஸ்தூர்பா எடுத்துச் சொல்ல, ஆட்டுப்பாலுக்கு இணங்கினார். அந்த வருத்தத்தைச் சத்திய சோதனையில் அவர் மறைக்கவில்லை. அவருக்கே அப்படியென்றால், மோர் ஊற்றிக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வராது.

அதற்காகப் பாலையும் விட்டவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவதும் சரியில்லை. எதுவரை போகலாம் என்று காட்ட அப்படி ஒருவர் பந்தியில் இருந்தே ஆக வேண்டும். என் அக்கா மகள் அப்படிப்பட்டவள். யாரையும் கடிந்து பேசமாட்டாள்; தனக்கு வேண்டாததைத் தள்ளி வைத்துவிடுவாள், அவ்வளவுதான். அவளுக்காகத் தேங்காய்ப்பாலில் பாயசம் வைக்கத் தொடங்கிய அக்கா, இப்போது அவள் ஊரில் இல்லாத நாளிலும் அப்படித்தான் வைக்கிறாள்.