பரணும் ஆணியும்

போகிக்கு 4 நாள் இருக்கும்போது பரண் ஏறினேன். ஜப்பான்காரர் மேரி கோண்டோ சொன்ன வழி: சாமானைக் கையில் எடு. மனசு துள்ளினால் வைத்துக்கொள். இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு. (மூன்று குழந்தை ஆன பிறகு தன் வீட்டிலேயே அதைக் கொஞ்சம் விட்டுவிட்டதாக 2023-ல் அந்தம்மாவே சொன்னது வேறு விஷயம்!)

ஓட்டை அண்டாவுக்கு நன்றி. கால் ஒடிந்த ஸ்டூலுக்கு நன்றி. 40 தாம்பூலப் பைகளுக்கும் மொத்தமாக ஒரு நன்றி. வாசலில் பழைய பேப்பர்காரர் தராசோடு காத்திருந்தார்.

கடைசியில், 11 ஹார்லிக்ஸ் பாட்டில்கள். உள்ளே துருப்பிடித்த ஆணி, நட்டு, போல்ட். மேலே அப்பா கையெழுத்தில் சீட்டு: 'ஒன்றரை அங்குலம்.'

"சந்தோஷம் ஒண்ணும் வரலையேம்மா..."

"ஆணியிலே என்னடா சந்தோஷம்? கூடத்துலே அப்பா படம் எதுலே தொங்குதுன்னு நினைச்சே?"

பாட்டில்களுக்கு நன்றி சொல்லாமல் உள்ளே தள்ளினேன்.