குதிரை அதேதான்

எங்கள் புதுச்சேரிப் பள்ளியில் இயற்பியலைப் பிரெஞ்சில்தான் படித்தோம். முறுக்குவிசைக்கு அதில் 'கூப்ல்' என்று பெயர். ஜோடி என்று அர்த்தம். குழாயைத் திருகும்போது கட்டைவிரல் ஒரு பக்கமும் ஆள்காட்டி விரல் எதிர்ப்பக்கமும் தள்ளுகிறதே, அந்த ஜோடி. திறன் என்பது வேறு. 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு பிரெஞ்சுக் குதிரை, 736 வாட். இங்கிலீஷ்காரன் குதிரை 746. கொஞ்சம் தீனி அதிகம் போலிருக்கிறது!

காலமெல்லாம் கோப்பு புரட்டியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்றுதான் இருந்தேன், தங்கை மகன் வில்லியனூர் பக்கம் மரச்செக்கு போடும்வரை.

5 குதிரைத்திறன் மோட்டார், நிமிஷத்துக்கு 1440 சுற்று. பெல்ட்டும் கியர்பாக்ஸும் சேர்ந்து அதைக் குறைத்து, செக்கு 12 சுற்றுதான் சுற்றும். மோட்டார் தண்டில் முறுக்குவிசை சுமார் 25 நியூட்டன் மீட்டர். ஸ்பானர் பிடித்து நாமே அதைக் கொடுத்துவிடலாம். வேகம் 120-ல் ஒரு பங்கானதால் விசை 120 மடங்கு, 3000 ஆகிறது. உராய்வில் கால்வாசி போனாலும் 2200-க்குக் குறையாது. படுக்கையாக நீட்டிய ஒரு மீட்டர் கழியின் நுனியில் 225 கிலோ தொங்கவிட்ட மாதிரி. எள் அதில்தான் நசுங்குகிறது. அந்தக் காலத்துச் செக்கு மாட்டுக்கு நீளக் கழிதான் கியர்.

தீபாவளி ஆர்டர் குவிந்ததும், யாரோ சொன்னதைக் கேட்டு மோட்டார் பக்கத்து 4 அங்குலப் புல்லியை 6 அங்குலமாக மாற்றிவிட்டான். செக்கு 18 சுற்று சுற்றியது. ரிலே அடிக்கடி விழுந்தது. அதன் திருகையும் ஏற்றி வைத்தான். 7 ஆம்பியர் காட்டிய மீட்டர் 11-ல் நின்றது.

"மோட்டார் தொட முடியல மாமா. நான் புல்லியத்தானே மாத்தினேன்?"

"எள்ளுக்கு நீ அவசரப்படறது தெரியுமாடா? நசுங்க அதே விசைதான் கேட்கும். அதே விசையில் 12-க்குப் பதில் 18 சுற்றுன்னா ஏழரைக் குதிரை வேலை. இருக்கிறது அஞ்சு."

கியர் என்பது சில்லறை மாற்றும் கடை. வேகத்தைக் கொடுத்தால் விசை தரும், விசையைக் கொடுத்தால் வேகம் தரும். பணத்தைக் கூட்டாது. கமிஷன் வேறு பிடித்துக்கொள்ளும்.

"இருபது டின்னுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேனே!" என்றான். சுருள் கருகினால் திருவிழாச் சமயத்தில் ரீவைண்டிங் கடையில் எத்தனை நாள் கிடக்குமோ. பழைய புல்லியைப் போடு, ரிலேயையும் பழைய இடத்துக்கு இறக்கு, ராத்திரியும் ஓட்டு என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் மனைவிதான், "ராத்திரி ஷிப்ட்டை நான் பார்த்துக்கறேன்" என்று முடித்துவைத்தாள்.

இருபது டின்னும் போய்ச் சேர்ந்தது.

இப்போது ஏழரைக் குதிரை மோட்டார் வாங்கப் போகிறானாம். மின்துறையில் சாங்ஷன் லோடு கூட்ட வேண்டுமே, விண்ணப்பத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அது நம்ம தொழில். கியர்பாக்ஸ் எத்தனை குதிரை தாங்கும் என்று அதன் தகட்டைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.