எளிமை கட்டிய இல்லங்கள்

உண்ண உணவும் உடுக்க உடையும் போலவே உறைய ஓர் இல்லமும் மாந்தர்க்கு இன்றியமையாதது. பறவை தன் கூட்டைச் சுற்றுமுற்றும் கிடைக்கும் சுள்ளியாலும் நாராலும் முடைந்துகொள்கிறது. கறையான் தன் காலடி மண்ணாலேயே புற்றெழுப்புகிறது. மனிதனோ தன் வீட்டுக்கு வேண்டிய பொருள்களைத் தொலைதூரத்து ஆலைகளிலிருந்து வருவிக்கிறான், அதற்காகக் கடன்படுகிறான், கட்டி முடித்த பின்னர் வீட்டின் வெப்பத்தைத் தணிக்க மீண்டும் செலவு செய்கிறான். ஏழையோ இவ்வளவு செலவுக்கு வழியின்றி, கூரை ஒழுகும் குடிசையிலேயே காலங்கழிக்கிறான். வீடு என்பது இத்துணை விலையுயர்ந்த பொருளாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்ட கட்டடக் கலைஞர் ஒருவர் கேரள நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் இலாரி பேக்கர்.

பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அந்நகரிலேயே கட்டடக் கலை பயின்று 1937இல் தேர்ச்சி பெற்றார். போரை அறவே வெறுக்கும் ‘குவேக்கர்’ எனும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர் அவர். எனவே இரண்டாம் உலகப் போர் மூண்டபோது படைக்கலம் ஏந்தாமல், புண்பட்டோர்க்கு உதவும் மருத்துவத் தொண்டர் அணியில் சேர்ந்து சீனம் சென்றார். தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சில திங்கள் காத்திருக்க நேர்ந்தது. அக்காத்திருப்பே அவர்தம் வாழ்வைத் திசைதிருப்பியது. அங்கேதான் அவர் காந்தியடிகளைக் கண்டார்.

அன்று பேக்கர் அணிந்திருந்தவை கழிவுத் துணியைக் கொண்டு கையால் தைத்த காலணிகள். அடிகளின் கண்கள் அவற்றின்மீது சென்றன. பேச்சு அங்குத் தொடங்கி ஏழைகளின் வீடுகளை நோக்கிச் சென்றது. சிற்றூரில் கட்டும் வீடு, அவ்வூரைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அமைய வேண்டும் என்பது அடிகளின் கருத்து. இதனைப் பேக்கர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார். பெரியோர் சொல்லைக் கேட்டு மகிழ்வோர் பலர். மறுநாளே மறப்போரும் பலர். பேக்கரோ அச்சொல்லைக் கல்லிலும் மண்ணிலும் வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

1945இல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோயாளர்க்கான மருத்துவ இல்லங்களை அமைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. 1948இல் எலிசபெத்து ஜேக்கப் எனும் கேரள மருத்துவரை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலில் பித்தோராகர் என்னும் இடத்தில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தனர். எலிசபெத்து நோயாளரைப் பேணினார். பேக்கர் மருத்துவமனையைக் கட்டியதோடு அதன் பணிகளிலும் துணை நின்றார். பர்மிங்காமில் கற்ற கல்வி அம்மலையில் அவருக்குப் பெரிதும் உதவவில்லை. அங்குள்ள மக்களோ எழுத்தறியாதவராயினும், கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகளைக் கட்டியிருந்தனர். எந்தக் கல்லை எப்படி அடுக்குவது, சாய்வு எத்துணை வேண்டும், எப்பக்கம் வாயில் வைப்பது என்பவற்றையெல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைபட்டுப் பிழைபட்டுத் திருத்திக் கண்டிருந்தனர். பட்டம் பெற்றவர் அவர்களிடம் மாணவராக அமர்ந்தார். அப்பணிவு இல்லாதிருந்தால், பேக்கரின் கட்டடங்களுள் ஒன்றேனும் எழுந்திராது எனலாம்.

1963இல் இருவரும் கேரளத்து வாகமண் மலைக்கு வந்தனர். சில ஆண்டுகள் கழித்துத் திருவனந்தபுரத்தில் நிலையாகத் தங்கினர். பேக்கருக்குப் பெரிய அலுவலகம் இல்லை. எழுத்தர் படை இல்லை. பயன்படுத்திய அஞ்சல் உறைகளின் பின்புறத்தில் அவர் வரைபடம் வரைவார். பிறகு கட்டடம் எழும் இடத்திற்கே சென்று, கொத்தனாரோடு நின்று, வேண்டிய மாற்றங்களை அங்கேயே செய்வார். நிலத்தில் மரம் நின்றால் மரத்தை வெட்டுவதில்லை. சுவர் வளைந்து செல்லும். ஒவ்வொரு பொருளையும் நோக்கி அவர் கேட்ட வினா ஒன்றே: “இது தேவையா?”

அவ்வினாவின் ஆற்றலைச் சுவரிலே காணலாம். வழக்கமாகக் கொத்தனார் செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவார். பேக்கர் அதனைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கச் செய்தார். சுவரின் இரு முகங்களிலும் செங்கற்கள் இவ்வாறு நிற்கும். இடையிடையே குறுக்குக் கற்கள் இரண்டையும் பிணைக்கும். நடுவில் பொறிக்கூண்டுபோல் வெற்றிடம் அமையும். இதனால் இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். இம்முறையில் ஒன்பது அங்குலச் சுவருக்குச் செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் வெப்பத்தையும் தடுக்கிறது. இஃது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் முன்பே வழங்கியதுதான். பலர் மறந்துவிட்ட ஒன்றைத் தக்க இடத்தில் நினைவூட்டுவதும் ஓர் அறிவே.

கூரையிலும் அவ்வாறே. கான்கிரீட்டுத் தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் எழும் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. கீழ்ப்பகுதிக் கான்கிரீட்டின் பெரும்பகுதி வெறும் பாரமாகவே தொங்குகிறது. பேக்கர் அவ்விடத்தில் கம்பிகளுக்கிடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதிக்கச் செய்தார். சிமெண்டு குறைந்தது, பாரம் குறைந்ததால் கம்பியும் குறைந்தது, அண்ணாந்து நோக்கினால் ஓடுகளின் அழகும் கிடைத்தது.

சாளரத்திற்கு நிலை வேண்டும், கதவு வேண்டும், கம்பி வேண்டும். காற்றும் ஒளியும் மட்டும் வேண்டுமாயின் சுவரிலேயே செங்கல் இடைவெளி விட்டுக் கட்டினால் போதாதா? வடநாட்டார் ‘ஜாலி’ என வழங்கும் அத்துளைச் சுவர்கள் பேக்கரின் கட்டடங்களுக்கு அடையாளமாயின. வாயிலின் மேலே கான்கிரீட்டு உத்தரத்திற்கு மாற்றாகச் செங்கல் வளைவு அமைந்தது. சுவருக்குப் பூச்சும் வண்ணமும் பூசுவதை இயன்றவரை தவிர்த்தார். செங்கல் செங்கல்லாகவே தோன்றட்டும் என்றார். ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவது அவருக்குப் பொய் சொல்வதற்கு ஒப்பானது.

சிக்கனத்திற்கு மற்றொரு பொருளும் உண்டு. சிமெண்டு செய்வதற்குச் சுண்ணாம்புக் கல்லை 1,400 செல்சியசு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட வேண்டும். உலகில் மனிதன் வெளிப்படுத்தும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு சிமெண்டுத் தொழிலால் விளைவது என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. உலகம் இதனை உணர்ந்து அஞ்சுமுன்னரே, பேக்கர் ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று கணக்கிட்டார். ஆலைக்குச் செல்லும் பணத்தைக் குறைத்து, கொத்தனாருக்கும் சிற்றாளுக்கும் செல்லும் கூலியின் பங்கைப் பெருக்கினார்.

இக்கொள்கையைச் சிறு வீடுகளோடு நில்லாமல் பெரிய கட்டடத்திலும் செய்து காட்டும் வாய்ப்பு, பொருளியல் அறிஞர் கே. என். இராஜ் வாயிலாக வந்தது. அவர் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்திற்குத் திருவனந்தபுரம் உள்ளூரில் 1971 முதல் கட்டடங்கள் எழுந்தன. அந்நாளைய முதலமைச்சர் சி. அச்சுத மேனன் இம்முயற்சிக்கு உறுதுணையாக நின்றார். குன்றின் சரிவை வெட்டிச் சமன்செய்யாமல், அதன் போக்கிலேயே செந்நிறக் கட்டடங்கள் வளைந்து வளைந்து அமைந்தன. அதே நகரத்துத் தம்பானூரில், பேருந்து நிலையத்தின் அருகே, இந்தியன் காபி ஹவுசு எனும் சிற்றுண்டி விடுதி சுருள்போல் உயர்ந்து நிற்கிறது. உள்ளே படிகள் இல்லை. சாய்வான பாதை சுற்றிச் சுற்றி மேலே செல்கிறது. அதன் ஓரமெல்லாம் சுவரோடு கட்டிய மேசைகளும் இருக்கைகளும் உள்ளன. காபி அருந்த வரும் கூலியாளும் அலுவலரும் அங்கே ஒரே வகை இருக்கையில் அமர்கின்றனர்.

எனினும் யாவரும் இவற்றை உவந்து ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. பூச்சில்லாத சுவரைக் கண்டு, ‘பணம் தீர்ந்துவிட்டதோ?’ என்று நகைத்தவர் உண்டு. மண் சுவரென்றால் வறுமையின் முத்திரை என்று நாணிய ஏழைகளும் உண்டு. வண்ணம் பூசிய வீட்டில் வாழ வேண்டுமென்ற ஏழையின் ஆசையைக் குறைகூறுவது எளிதன்று. செல்வர்களோ நாளடைவில் செங்கல்லின் செம்மையை ஒரு நாகரிகமாகக் கொண்டு, ஏழைக்கென எண்ணிய முறையில் தமக்கு மாளிகை கட்டிக்கொண்டனர். பேக்கர் இருசாராரிடமும் சலிப்பின்றி உரையாடினார். தாமே கேலிப்படங்கள் வரைந்து, எவரும் படித்தறியத்தக்க சிறு நூல்களை எழுதி வெளியிட்டார்.

1985இல் அச்சுத மேனனும் இராஜும் பேக்கரும் வேறு சிலரும் கூடி, ‘காஸ்ட்ஃபோர்டு’ எனும் ஊரக அறிவியல் தொழில்நுட்ப வளர்ச்சி மையத்தைத் தோற்றுவித்தனர். 1990இல் இந்திய அரசு பேக்கருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதற்கு முன்னரே அவர் இந்தியக் குடிமகனாகியிருந்தார். திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில், பாறைச் சரிவொன்றில் தாமே சிறிது சிறிதாகக் கட்டி வளர்த்த இல்லத்தில் வாழ்ந்து, 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

எலிப்பொறிக் கட்டுக்குப் பழகிய கை வேண்டும். பழகாத கொத்தனாருக்கு அதில் நேரம் மிகும். நேரம் மிகுந்தால் மிச்சம் கரையும். ஆதலின் காஸ்ட்ஃபோர்டு வீடு கட்டித் தருவதோடு, கொத்தனார்க்கும் இளம் பொறியாளர்க்கும் பயிற்சியும் அளித்து வருகிறது. கல்லூரியில் கணக்குக் கற்றவர்கள் அங்கே கரண்டி பிடித்துக் காரை குழைக்கின்றனர்.