கிள்ளானில் ஒரு மூச்சுப் பட்டறை

கிள்ளான் துறைமுகக் கடலில் யாரும் ஆசைக்காக முக்குளிப்பதில்லை. சேறு கலந்த நீர். நீட்டிய கையின் விரல் தெரியாது. ஆனால் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பவளப்பாறை பார்க்கப் போகும் கூட்டத்தில் நிறையப் பேர் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் தயாராகிறார்கள். வார நாளில் நீச்சல்குளத்தில் பயிற்சி, வெள்ளி இரவு வேன், விடிந்தால் மெர்சிங் அல்லது கோலா பெசுட் படகுத்துறை. நவம்பர் பிறந்து வடகிழக்குப் பருவமழை அந்தத் தீவுகள் இருக்கும் கிழக்குக்கரையை மூடிவிட்டால், உப்பேறிய கருவிகள் பழுது பார்க்க வந்து குவியும்.

அந்தப் பருவத்தில்தான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து நடந்து கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினேன். கிள்ளானில் இறங்கி, தெங்கு கெலானா சாலையின் பூக்கடைகளையும் புடவைக்கடைகளையும் தாண்டிப் போனால், ஒரு கடைவரிசையின் பின்சந்தில் பட்டறை. அங்கே இருந்தவர் இளவயதில் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் சுரண்டும் முக்குளிப்பாளராக இருந்தவர். இப்போது மற்றவர்களின் ரெகுலேட்டரைக் கழற்றிப் பூட்டுகிறார்.

"உட்காருங்க தங்கச்சி. மேசையில எதையும் தொட்டுடாதீங்க. ஒரு ஓ-ரிங் உருண்டு போச்சுன்னா நாள் பூரா தேடணும்."

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்றை நேராக வாயில் வாங்க முடியாது. அழுத்தத்தைக் குறைத்துத் தருவதே ரெகுலேட்டர். சிலிண்டர் வாயில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதைச் சுற்றியுள்ள நீரழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய 10 பாருக்குக் குறைக்கிறது. வாயில் கடிக்கும் செகண்ட் ஸ்டேஜ், மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கே காற்றைத் தருகிறது. 1943-ல் பிரான்சில் குஸ்தோவும் காஞ்யானும் சேர்ந்து செய்த அக்குவாலங்கின் அடிப்படையும் இதுவே.

பட்டறை அண்ணன் ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜைத் திறந்து, நுழைவாயிலில் இருந்த சின்ன உலோக வடிகட்டியை விளக்கடியில் காட்டினார். பச்சை பூத்திருந்தது. "அலசும்போது மூடி போடாம தண்ணியில முக்கிட்டாரு. உப்புத்தண்ணி உள்ள போயிருக்கு." இன்னொன்றில் செம்பழுப்புத் தூள். அது சிலிண்டருக்குள் துரு இருப்பதற்கான அடையாளம். ரெகுலேட்டர் மட்டும் வந்திருந்தாலும், உரிமையாளரைக் கூப்பிட்டு சிலிண்டரையும் கொண்டுவரச் சொல்கிறார்.

சிலிண்டரின் தோள்பட்டையில் பொறித்திருக்கும் எழுத்துகளை அவர் படிப்பது பார்க்க வேண்டிய காட்சி. உலோகக் கலவை, வேலை அழுத்தம், கடைசியாகச் சோதித்த மாதம், ஆண்டு எல்லாம் அங்கே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே விளக்கு விட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஏற்றுகிறார்கள். உடல் எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. திரும்பாத சிலிண்டர் கழிக்கப்படும். 6351 என்ற கலவையில் செய்த பழைய அலுமினிய சிலிண்டர்கள் கழுத்தருகே விரிசல் விடும் என்று தெரிந்ததால், அவற்றை அவர் நிரப்புவதே இல்லை. கெஞ்சினாலும் இல்லை.

காற்று நிரப்புவது ஓர் இளம்பெண்ணின் வேலை. "அவசரமா ஏத்தினா சூடாயிடும், அக்கா. மீட்டர் 200 காட்டும். ஆறினதும் இறங்கிடும். அப்புறம் கஸ்டமர் என்னைத்தான் திட்டுவாரு." கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். கீழே சந்தில் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தரையில் தலைவலி தருகிற அளவு, ஆழத்தில் அழுத்தம் கூடும்போது ஆளையே மயக்கிவிடும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் அண்ணன் சொன்னது வேறு: "மெஷின் லேசுல கொல்லாது தங்கச்சி. இது கெட்டாலும் பெரும்பாலும் காத்தை அடைக்காது, கொட்டத்தான் செய்யும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஆளுதான் மீட்டரைப் பார்க்க மாட்டான்."

ஆய்வும் அவர் பக்கம்தான் நிற்கிறது. 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை டெனோபிளும் சக ஆய்வாளர்களும் அலசி 2008-ல் வெளியிட்டார்கள். விபத்தின் தொடக்கக் காரணம் தெரிந்தவற்றில் 41 விழுக்காடு காற்றுப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு 15 விழுக்காடு. காற்று தீரும் கணக்கு எளிது. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு மேலே 110 நிமிடம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் மூன்று மடங்கு காற்றைத் தின்னும். 50 பாரை மிச்சம் வைத்து மேலேற வேண்டுமென்றால் கையில் இருப்பது அரைமணி நேரம்கூட இல்லை.

மாலையில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நீச்சல்குளம். புதியவர்கள் இரண்டிரண்டாக நின்று ஒருவர் கருவியை ஒருவர் தொட்டுப் பார்த்தார்கள்: மிதவை அங்கி காற்றைப் பிடிக்கிறதா, எடைப்பட்டை ஒரே இழுப்பில் கழல்கிறதா, சிலிண்டர் வால்வு முழுதும் திறந்திருக்கிறதா, மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா, தோழனுக்கான மஞ்சள் உபரி மூச்சுவாய் (ஆக்டோபஸ்) கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா. வங்கியில் வேலை செய்யும் பெண், லாரி கம்பெனி முதலாளியின் வால்வைத் திருகிப் பார்த்து, "சார், இது பாதிதான் திறந்திருக்கு" என்றாள். அவர் முகம் சுண்டவில்லை. பயிற்சியாளர் சொன்னார்: "இவங்களைப் பத்தி எனக்குப் பயமில்ல. நூறு தடவை குதிச்சவங்கதான் 'எனக்குத் தெரியும்'னு தோழனைத் தொட விடமாட்டாங்க."

படகும் அந்தச் சோதனையின் ஒரு பகுதிதான். 2022 ஏப்ரல் 6 அன்று மெர்சிங்குக்கு அப்பால் தோக்கோங் சங்கோல் அருகே பயிற்சிக்கு இறங்கிய நால்வர், படகைப் பிரிந்து நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். பயிற்றுநர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவரை 9-ஆம் தேதி மீனவர்கள் கண்டெடுத்தார்கள். பதினான்கு வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை. அதற்குப் பின், ஆளுக்கொரு ஆரஞ்சுநிற ஊதுமிதவையும் விசிலும் இல்லாமல் தன் மாணவர்களைத் தண்ணீரில் இறக்குவதில்லை என்றார் பயிற்சியாளர். அவசரமாக மேலேறி உடலில் நைட்ரஜன் குமிழி கட்டிவிட்டால் ஆளை அழுத்த அறையில் வைக்க வேண்டும். அப்படியொரு அறை லூமுட் ராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. தியோமானிலிருந்து அது தீபகற்பத்தின் மறுகரை. எனவே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதுதான் மலிவான மருத்துவம்.

தீவுக்குப் பதிவு செய்யும்போது அறையில் ஏர்கோன் உண்டா, காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்கிறோம். சிலிண்டரின் சோதனைத் தேதி என்ன, ரெகுலேட்டரைக் கடைசியாகப் பிரித்துப் பார்த்தது எப்போது, படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, நாம் கீழே இருக்கும்போது படகில் யார் நிற்பார் என்றும் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பது யாரையும் சந்தேகிப்பதல்ல. தான் பூட்டிய கருவியையே அண்ணன் மறுநாள் காலை இன்னொருவர் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறார். தேர்ந்த கை தன்னைச் சோதிக்க விடும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.