"ஓவர்" என்னும் ஒரு சொல்

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, விடுதி வாழ்வையும் விளையாட்டுப் போட்டிகளையும் பற்றி எழுதவே முதலில் எண்ணினேன். ஆனால், எண்பதைக் கடந்த இவ்வயதில் என் மனம் மீண்டும் மீண்டும் சென்று நிற்பது ஓர் ஆங்கிலத் தொடரின் முன்னேதான். அதனைச் சொல்லிவிடுவதே முறையென்று தோன்றுகிறது.

ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். தந்தையார் ஒரு கங்காணி. கையொப்பத்துக்கு அப்பால் எழுத்தறியார். எனினும் எங்கள் தோட்டத்தில் ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'லைன்' எங்கள் வாயில் லயம் ஆயிற்று. 'பரேட்' பெரட்டு ஆயிற்று. 'செக்ரோல்' அப்படியே நின்றது. பெயர்ச்சொற்கள் இவ்வாறு எங்களோடு குடியேறிவிட்டன. வினைச்சொற்களோ துரை பங்களாவிலும் அலுவலகக் கடிதங்களிலுமே தங்கிவிட்டன. அவற்றைக் கற்றுவரத்தான் என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள்.

1957ஆம் ஆண்டு மார்கழி விடுமுறைக்குப் பொல்காவலையில் கோச்சி மாறி வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த காம்பிராவில் இருந்த பெரியம்மா ஒருவர், முந்தானையில் முடிந்திருந்த கடிதத்தை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"காலேஜ் தம்பி, இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருப்பா."

அது பிரஜாவுரிமை விண்ணப்பம் பற்றிய கடிதம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவர்களாகிய தோட்ட மக்கள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் செய்து, விசாரணைக்காகக் காத்திருந்த காலம் அது. கடிதத்தின் நடுவே, விண்ணப்பம் 'வில் ஸ்டாண்ட் ஓவர்' என்றொரு தொடர் இருந்தது. 'ஸ்டாண்ட்' என்றால் நிற்றல். 'ஓவர்' என்றால் முடிந்தது. பள்ளிக்கூடம் ஓவர், மாட்ச் ஓவர் என்று நாள்தோறும் சொல்லிப் பழகியவனுக்கு இதிலென்ன ஐயம்?

"நின்னுபோச்சு, பெரியம்மா. எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. கடிதத்தை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார். மூன்று மாதங்கள் கழித்து மற்றொரு கடிதம் வந்தது. அப்போது நான் விடுதியில் இருந்தேன். முடிந்துபோன காரியத்துக்கு இன்னுமொரு கடிதமா என்று அதனையும் அதே பெட்டியில் வைத்துவிட்டார். சித்திரை விடுமுறையில் நான் அதனைப் பிரித்துப் படித்தேன். விசாரணைக்கு வரவேண்டிய நாள் அதில் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாள் கடந்து பதினொரு நாட்களாகியிருந்தன.

மீண்டும் கல்லூரிக்குச் சென்றதும் என் ஆங்கில ஆசிரியரிடம் இதைக் கூறி அழுதேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையருகே அழைத்துச் சென்றார். 'ஸ்டாண்ட் ஓவர்' என்றால் குறித்த நாளைத் தாண்டி இன்னொரு நாள்வரை நிற்றல், அதாவது ஒத்திவைக்கப்படுதல் என்றார். வேலை செய்வோரின் தலைமாட்டில் நின்று கண்காணிப்பதும் 'ஸ்டாண்ட் ஓவர்'தான். கொழுந்து மலையில் நாள்தோறும் என் தந்தையார் செய்ததும் அதுவேயன்றோ!

முற்கால ஆங்கிலத்தில் இத்தகைய சிறு சொற்கள் பலவும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்' என்பன அதன் எச்சங்கள். பின்னர் அவை வினைக்குப் பின்னே வந்து நிற்கும் வழக்கம் பெருகிற்று. பிற மொழியாளர் இவற்றால் இடர்ப்படுவர் என்பதைச் சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் தம் அகராதியின் முன்னுரையிலேயே குறித்துள்ளார். 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரோ 1925இல் வெளிவந்த லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூலில்தான் அச்சேறிற்று. லத்தீன் வழிவந்த 'போஸ்ட்போன்' என்ற கடினச் சொல்லை எழுதியிருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். அதனை நான் மனனம் செய்திருந்தேன். எளிய சொற்கள் இரண்டு சேர்ந்தே என்னை ஏமாற்றின.

விசாரணைக்குப் போயிருந்தால் அவருக்கு உரிமை கிடைத்திருக்கும் என்று நான் துணிந்து கூறேன். விண்ணப்பத்தில் அடங்கியோர் ஏறத்தாழ 8,25,000 பேர்; உரிமை பெற்றோர் 1,34,000 பேரளவில்தான். ஆயினும், கேட்பதற்கிருந்த ஒரு வாய்ப்பை என் வாயால் மூடினேன். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, பின்னர் அவர் குடும்பமும் தலைமன்னாரில் கப்பலேறிற்று. புறப்படும் நாளில் ஹட்டன் நிலையத்தில் அவரைக் கண்டு, அதுவரை சொல்லாதிருந்த உண்மையைச் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தொட்டார்.

"சின்னப் பிள்ளை நீ என்னாப்பா செய்வ? விட்டுத்தள்ளு, தம்பி."

'விட்டுத்தள்ளு' என்பதில் உண்மையில் விடுதலும் இல்லை, தள்ளுதலும் இல்லை. தமிழறியாத ஒருவன் அகராதியைப் புரட்டி அதனை எப்படிப் பொருள்கொள்வானோ! எனக்கு அது முழுமையாக விளங்கிற்று. விளங்கியும், இன்றுவரை என்னால் அவ்வாறு செய்ய இயலவில்லை.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவத் தம்பியரே! எழுத்தறியாதார் ஒருவர் உங்களிடம் கடிதமொன்றை நீட்டும் நாள் வரலாம். தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்ததாகத் தோன்றும் சொல்லை மற்றொருமுறை அகராதியில் பாருங்கள். நம் கல்லூரி எனக்கு அளித்த ஆங்கிலத்தில் பெரும்பகுதி மறந்துபோயிற்று. அன்று கரும்பலகையில் எழுதப்பட்ட அந்த இரண்டு சொற்கள் மட்டும் அழியவில்லை.