ஜெபக் குறிப்பு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் எதிரி இருந்தார். எடை போடுவது அவர் பொறுப்பு. இருப்பில் மூட்டை குறைந்ததற்கு என் கணக்குதான் காரணம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அந்த வருஷம் எனக்கு மட்டும் சம்பள உயர்வு இல்லை. அவர் சொன்னது பொய் என்று இன்றைக்கும் சொல்வேன். என் தப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சத்துருக்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் மலைப்பிரசங்கம் எனக்கு மனப்பாடம். ஆகவே ஜெபித்தேன். தமிழ்க் குடும்பங்கள் கூடும் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லியே குறிப்புக் கொடுத்தேன். “பொய் பேசுகிற ஆவியிலிருந்து இந்தச் சகோதரனுக்கு விடுதலை வேண்டும்.” கண்ணை மூடிக்கொண்டு சொன்னதால் அது புறணி என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். தனி ஜெபத்தில் இன்னும் விவரமாகச் சொல்வேன்: தேதி, மூட்டை எண்ணிக்கை, சாட்சிகள். கோர்ட்டில் போடும் பிராதுக்குக் கடைசியில் ஆமென் சேர்த்ததுபோல இருக்கும். இதற்குள் குறிப்பு தெருவில் இறங்கிவிட்டது. அவர் மனைவி நடத்திய சீட்டிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக விலகியது.

ஒரு கூட்டத்தில் ஊழியர் ராணி மரியாவைப் பற்றிப் பேசினார். எங்கள் எறணாகுளம் மாவட்டத்துப் புல்லுவழியில் பிறந்த கன்னியாஸ்திரி. மத்தியப் பிரதேசத்தில் பழங்குடி மக்களுக்காக வட்டிக்காரர்களைப் பகைத்துக்கொண்டதால், 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அவர் தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரிதான். 2002இல் சிறைக்கே போய்க் கொலையாளிக்கு ராக்கி கட்டினார். அவர்கள் தாய் அவன் கைகளை முத்தமிட்டார். எல்லோரும் அழுதோம். நான் அழுதது, அந்தத் தாயின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்து. எனக்கும் எவ்வளவு பெரிய மனசு!

செருப்பு மாட்டும்போது மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: “தம்பி, அந்த வீட்டுப் பையனுக்கு உடம்பு சரியில்லையாமே. பேரு என்ன? பேர் சொல்லி ஜெபிக்கலாம்னு பார்த்தேன்.”

எனக்குத் தெரியவில்லை. என்னோடு ஒரே கிடங்கில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர் அந்தப் பையனின் அப்பா. அவருக்குப் பையன் இருக்கிறான் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கூனன் குரிசுப் பள்ளி என்ற தேவாலயம். 1653 ஜனவரி 3 அன்று, போர்த்துக்கீசியர் கொண்டுவந்த இயேசு சபைப் பாதிரிகளுக்கு இனி அடங்க மாட்டோம் என்று தோமா கிறிஸ்தவர்கள் அங்கே சத்தியம் செய்தார்கள். எல்லோராலும் அங்கிருந்த சிலுவையைத் தொட முடியாததால், அதில் கயிறுகளைக் கட்டி ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்களாம். அவர்களுக்கு இருந்த காரணம் பெரியது. நான் அதே சிலுவையில் ஒரு சம்பள உயர்வுக்காகக் கயிறு கட்டியிருந்தேன்.

அன்றிரவு முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, அவர் பையன்...” என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. என்ன காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி, எத்தனாம் வகுப்பு, ஒன்றும் தெரியாது. மூட்டைக் கணக்கை எடுத்துவிட்டால், அந்த மனிதரைப் பற்றிக் கடவுளிடம் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அதுவரை என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர், வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: “நீங்க எனக்காக ஜெபிச்சது தெருவுக்கே தெரியும் சார். இனிமே வேண்டாம்.”

மழைக்காலத்துக்கு முன்பே அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மூட்டை விஷயத்தில் தான் சொன்னதை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. பையன் தேறிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் பெயர் இப்போது எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை.