பெருவிரலை உயர்த்தினால் மேலே போ

நீர்வேலி எண்டு பெயர்தான். எங்கட ஊரில தண்ணி எண்டால் கிணறும் வாழைக்கு இறைக்கிற மோட்டரும்தான். நீந்தத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அக்காவின் மகனுக்கு ஆசை பிடித்தது நிலாவரைக் கிணற்றால. மேலே நன்னீர், கீழே உப்பு, அடியே இல்லை எண்டு சொல்லிச் சொல்லி வளர்த்தால் ஒரு பெடியன் வேற என்ன கேட்பான்? "மாமா, அடியில போய்ப் பாக்க ஏலாதோ?"

அங்க ஏலாது. கீரிமலைக் கேணியில ஆறு மாசம் நீச்சல் பழக்கினோம், மாஸ்க் போட்டு வாயால் மூச்சுவிடப் பழக்கினோம். அக்கா மணற்காட்டில பிறந்தவ, 2004 மார்கழியைக் கண்ணால கண்டவ. அவவைச் சம்மதிக்க வைத்த கதையைத் தனியாத்தான் எழுதவேணும்.

திருகோணமலைக்குப் போனது செப்டெம்பர் கடைசியில. கிழக்குக் கடல் ஏப்ரலிலிருந்து அதுவரைக்கும்தான் சொல்வழி கேட்கும், பிறகு வாடை. எங்களுக்கு லீவு கிடைத்ததோ அப்பத்தான். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் மூழ்கிப் பழைய கோயில் தூண்களைப் பார்த்த கடல் எண்டு வழி முழுக்க அவனுக்குக் கதை சொன்னோம்.

முதல் நாள் இடுப்பளவு தண்ணி. பயிற்றுநர் அண்ணை ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்: மூச்சைப் பிடிக்காதே. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்க நிரப்பின மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் அந்தக் காற்று நெஞ்சுக்குள் இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். காது அடைத்தால் மூக்கைப் பொத்தி ஊதவேணும். கீழே மீனைக் கண்ட சந்தோசத்தில் எங்கட ஆள் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். அண்ணை உடனே மேலே கூட்டி வந்துவிட்டார். தண்ணிக்குள்ள அது 'சுப்பர்' இல்லை, 'மேலே போவம்'.

இரண்டாம் நாள் படகில் போகும்போதே காற்று திரும்பிவிட்டது. அலை நுனியில் வெள்ளை. கீழே அமைதியாத்தான் இருக்கும், ஆனால் முதுகில் சிலிண்டரோடு ஆடுற படகில் திரும்ப ஏறுவதுதான் வில்லங்கம். அண்ணை யோசித்தார். காசும் கட்டியாச்சு, இவ்வளவு தூரமும் வந்தாச்சு. "ஒரு பத்து நிமிசம் மட்டும்?" எண்டு கேட்டது நாங்கள்தான். எழுதவே வெட்கமா இருக்கு.

அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. பெடியனிடம் கேட்டார், "தம்பி, எப்படி இருக்கு?"

"பயமில்லை அண்ணை. ஆனா மூச்சு வேகமா வருது."

அவ்வளவுதான், படகு திரும்பியது. வழியில் அவன் எங்களோடு கதைக்கவில்லை. கரையில் பெல்ட்டைக் கழற்றும்போதுதான், "மாமா, நான் பொய் சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?" எண்டான். ஓம் எண்டும் சொல்ல முடியவில்லை, இல்லை எண்டும் சொல்ல முடியவில்லை.

அந்த மாஸ்க் இப்ப வாழைத்தோட்டத்து மோட்டர்க் கொட்டிலில தொங்குது. சித்திரை வரட்டும் எண்டு அவனே சொல்லிவிட்டான். இந்த முறை அக்காவும் வாறாவாம், கரை மட்டும்.